பிரிட்டன் ஸ்கில்டு வொர்க்கர் விசா மறுக்கப்பட்டால் அப்பீல் போகலாமா?

சென்னையிலிருந்து விண்ணப்பித்தீர்கள், மறுப்புக் கடிதம் வந்துவிட்டது, அப்பீல் உண்டா என்று கேட்கிறீர்கள். தீர்ப்பாயத்துக்குப் போகும் அப்பீல் வேலைக்கான இந்த விசாவுக்குப் பொதுவாகக் கிடையாது. இருப்பது நிர்வாக மறுஆய்வு மட்டும், அதாவது விசா துறையே தன் முடிவை மறுபடி பார்ப்பது. முடிவு கைக்கு வந்த 28 நாளுக்குள் 80 பவுண்ட் கட்டி ஆன்லைனில் கேட்க வேண்டும். (பிரிட்டனுக்குள் இருந்து விண்ணப்பித்தவர்களுக்கு 14 நாள்தான்.)

அதிகாரியின் பிழையைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் இணைத்த பேங்க் ஸ்டேட்மென்டைக் கவனிக்காமல் விட்டது, சம்பளத்தைத் தப்பாகக் கணக்கிட்டது மாதிரி. விட்டுப்போன ஆவணத்தை இப்போது சொருகுவது அநேகமாக நடக்காது. குறை உங்கள் பக்கம் என்றால் அந்தப் பணத்தை வீணாக்காதீர்கள்; வேலை கொடுக்கும் பிரிட்டன் கம்பெனியிடம் புது ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் வாங்கி மறுபடி விண்ணப்பிப்பதே மேல். மறுஆய்வு நடக்கும்போதே புது விண்ணப்பம் போட்டால் மறுஆய்வு ரத்தாகிவிடும்.