மேனேஜ்மென்ட் சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டும் முன்

திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் ஓர் அப்பா, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஆலோசனைக்கு வந்திருந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் குரூப், பொறியியல் கட் ஆஃப் 200-க்கு 138. ஒரு தனியார் கல்லூரியில் ஏஐ-டேட்டா சயின்ஸ் பிரிவில் மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு லட்சம், ஹாஸ்டல் தனி. பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் தாய்மாமன், "இப்ப விட்டா சீட் போயிரும்" என்று தினமும் போன் செய்கிறார். பாதிக்கு பேங்க் லோன், பாதிக்கு நகை என்பது வீட்டில் போட்ட கணக்கு. மகள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

பிசிஏ, அதாவது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸில் மூன்று வருடப் பட்டம், அதைப் பற்றி யோசித்தீர்களா என்று கேட்டேன். "ஏனுங்க மேடம், பிசிஏன்னு சொன்னா சொந்தத்துல யாருங்க மதிப்பாங்க?" என்றார் அப்பா. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இந்த ஜூன் மாதத்தில் இதே கேள்வியோடு நிறைய வீடுகள் இருக்கும்.

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று நான் சொல்லப் போவதில்லை. பணத்தில் தொடங்குவோம். வருடத்துக்கு 2 லட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு 8 லட்சம். அதை முழுக்கவே லோனாக எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் சேர்ந்து 2 லட்சத்து 80 ஆயிரம் வட்டியே ஏறியிருக்கும். அப்புறம் ஏழு வருடத்தில் அடைக்க மாதத் தவணை 18,000-க்குப் பக்கத்தில் வரும். பாதியை நகையில் எடுத்தால் அந்த வட்டியைக் கட்ட, படிப்பு முடியும் வரை காத்திருக்க மாட்டார்கள். இதில் ஹாஸ்டலைச் சேர்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணின் சம்பளத்தில் இருந்து இந்தத் தொகை போனால் கையில் என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை, அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் சீட் எடுத்த அன்றைக்கே அந்தச் சலுகையை விட்டுவிடுகிறீர்கள். சீட் போய்விடும் என்று அவசரப்படுத்துகிறவர் இதைச் சொன்னாரா?

ஏஐ படிப்பே மோசம் என்று நான் சொல்லவில்லை. கணக்கிலும் நிரல் எழுதுவதிலும் ஊறிப்போன பிள்ளைக்கு, நல்ல ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியில், கட்டக்கூடிய கட்டணத்தில் கிடைத்தால் தாராளமாகச் சேரட்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட இங்கே பொருந்தவில்லை. பாடத்தின் பெயருக்காக மட்டும் நகையை அடகு வைக்காதீர்கள்.

அந்தப் பெண் கடைசியில் எப்போது பேசினாள் தெரியுமா? யூனிட்டைப் பற்றிக் கேட்டபோதுதான். கட்டிங்கில் இருந்து தையலுக்குப் போகும் பண்டல்கள் கணக்கில் விடுபட்டு, சனிக்கிழமை சம்பளத்தின்போது பீஸ் ரேட் சண்டை வந்துகொண்டே இருந்ததாம். விடுமுறையில் இவள் ஒரு ஷீட் போட்டிருக்கிறாள். பண்டல் எண், சைஸ், யார் எடுத்தது, எத்தனை பீஸ் திரும்பியது, செக்கிங்கில் எத்தனை கழிந்தது. முதலில் போட்ட ஷீட்டை யாரும் எழுதவில்லை. செக்கிங் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எப்படி எண்ணுகிறார் என்று பார்த்துவிட்டு மாற்றியிருக்கிறாள். அதன் பிறகுதான் எழுதினார்களாம். அப்பாவுக்கு இது பெரிய விஷயமாகவே படவில்லை. "சும்மா லீவுல பண்ணுனதுங்க" என்றார்.

சும்மா பண்ணியது இல்லை. ஒரு நிறுவனத்துக்கு என்ன தகவல் தேவை, அதை யார் எப்போது பதிவார்கள், அதற்கான மென்பொருளைச் சொன்ன நாளுக்குள், சொன்ன செலவுக்குள், பயன்படுத்துகிறவர் ஏற்கும்படி எப்படி முடித்துக் கொடுப்பது என்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. தகவல் அமைப்புத் திட்ட மேலாண்மை என்று பெயர். நிரல் எழுதுகிறவர்களுக்கும் நிறுவனத்துக்கும் நடுவில் நிற்கும் வேலை. பிசினஸ் அனலிஸ்ட், ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர், ஈஆர்பி இம்ப்ளிமென்டேஷன் (நிறுவனத்தின் இருப்பு, கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளுக்குக் கொண்டுவருவது), டெஸ்டிங் எல்லாம் இதற்குள் நுழையும் வாசல்கள். பட்டம் வாங்கியதும் யாரும் ப்ராஜெக்ட் மேனேஜர் நாற்காலி தர மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் துறையில் மதிக்கப்படும் பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் ப்ரொஃபஷனல்) சான்றிதழுக்குப் பட்டத்தோடு மூன்று வருடம் திட்டங்களை நடத்திய அனுபவமும் கேட்கிறார்கள். அதே வரிசையில் தொடக்க நிலையில் இருக்கும் சிஏபிஎம் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரே எழுதலாம், 23 மணி நேரப் பயிற்சி மட்டும் வேண்டும். ஆனால் அதற்கும் இப்போதே ஓட வேண்டாம். வேலையைச் செய்து பார்க்காமல் கேள்வி-பதிலை மனப்பாடம் செய்து வாங்கும் சான்றிதழால் இவளுக்கு ஒரு பயனும் இல்லை.

இந்தத் துறையில் சறுக்குவது பெரும்பாலும் நிரலால் அல்ல. அமெரிக்காவின் டென்வர் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைத் தானாகவே கொண்டுசெல்லும் அமைப்பு ஒன்றைத் திட்டமிட்டார்கள். 1993 அக்டோபரில் திறக்க வேண்டிய நிலையம் 1995 பிப்ரவரியில்தான் திறந்தது. அந்தப் பெட்டி அமைப்பு முக்கியமான காரணம். கட்டடம் பாதி எழும்பிய பிறகு ஒப்பந்தம், நடுவில் மாற்றிக்கொண்டே இருந்த தேவைகள், போதாத சோதனை. 2005-இல் அதைக் கைவிட்டே விட்டார்கள். என்ன செய்யப் போகிறோம், எதைச் செய்ய மாட்டோம் என்று முதலிலேயே பேசி எழுதி வைக்கும் ஆள் அங்கே கோட் எழுதுகிறவருக்குச் சமமாகத் தேவைப்பட்டார்.

இதைப் புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கலாம், ஆனால் கற்றுக்கொள்ள முடியாது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, வெளியே இருக்கும் நிஜமான ஒரு வாடிக்கையாளருக்கு நிஜமான ஒரு வேலையை முடித்துக் கொடுத்தால்தான் வரும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 1995-இலேயே எபிக்ஸ் என்ற பெயரில் இதைப் பாடமாக்கியது. சமூக அமைப்புகளுக்காக மாணவர் குழுக்கள் வேலை செய்யும். முதல் வருட மாணவரும் இறுதி வருட மாணவரும் ஒரே குழுவில் இருப்பார்கள், திட்டம் பல செமஸ்டர் தாண்டியும் ஓடும். சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகத்திலும் தகவல் அமைப்பு மாணவர்கள் வெளி நிறுவனங்களுக்காகக் குழுவாகத் திட்டம் செய்து முடிக்கிறார்கள்.

அது எப்படி நடக்கும் என்று அப்பா கேட்டார். ஒன்றைக் கற்பனையாகவே வைத்துச் சொன்னேன். ஒரு டிரஸ்ட் நடத்தும் முதியோர் இல்லம். மாத்திரை இருப்பு நோட்டில்தான் இருக்கிறது. சில மாத்திரைகள் தீர்ந்த பிறகுதான் தெரிகிறது, சில காலாவதி ஆகிக் குப்பைக்குப் போகின்றன. ஐந்து மாணவர்கள் போகிறார்கள். நிர்வாகி சொல்வது ஒரே வரி: "எல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துட்டாப் போதும்மா." இந்த ஒரு வரியில் இருந்து வேலையைப் பிரித்தெடுப்பதுதான் முதல் பாடம். மாத்திரை வரவு, செலவு, காலாவதித் தேதி எச்சரிக்கை, இவ்வளவுதான் செய்வோம். டாக்டர் சீட்டு, பில், நன்கொடைக் கணக்கு செய்ய மாட்டோம். ஒரு பக்கத்தில் எழுதி நிர்வாகியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வயதில் பெரியவரிடம் "இது முடியாது" என்று மரியாதை குறையாமல் சொல்வதற்கு நம் பிள்ளைகளுக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. இங்கே அது கட்டாயமாக வந்துவிடும்.

இரண்டாவது முறை போகும்போது நிர்வாகியை விட்டுவிட்டு நர்ஸோடு ஒரு காலைப் பொழுது இருக்க வேண்டும். அவர் ஆறு மணிக்கு டிராலியைத் தள்ளிக்கொண்டே ஒரு கையால் எழுதுகிறார். பின்கட்டில் நெட்ஒர்க் கிடையாது. ஆபீசில் இருக்கும் கம்ப்யூட்டருக்காகப் போட்ட திட்டம் அன்றைக்கே மாறும். போன் வேண்டும், நெட் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும், தட்டச்சு குறைவாக இருக்க வேண்டும். முதியவர்களின் மருத்துவ விவரங்களைச் சோதனைக்காக எடுத்துக்கொண்டு வரக் கூடாது, பொய்ப் பெயர்களை வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்பதும் இங்கேதான் உறைக்கும்.

அப்புறம் நாள் கணக்கு. "ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்" என்று சொன்ன பையனுக்கு ஐந்து வாரம் ஆகும். ஒருவர் கல்ச்சுரல்ஸ் என்று பத்து நாள் காணாமல் போவார், அவர் முடித்தால்தான் அடுத்தவர் தொடங்க முடியும் என்பது அப்போதுதான் தெரியவரும். நடு செமஸ்டரில் டிரஸ்டி ஒருவர் வந்து, "அப்படியே நன்கொடை ரசீதும் போட்டுக் குடுத்துருங்க" என்பார். உடனே தலையாட்டக் கூடாது. அதைச் சேர்த்தால் எத்தனை நாள் தள்ளும், எதை விட வேண்டியிருக்கும் என்று எழுதிக் கொடுத்து, அவர்களையே முடிவு எடுக்கச் சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை முடிந்த அளவுக்குக் காட்ட வேண்டும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் யார் எதை எப்போது முடிப்பார்கள் என்ற குறிப்பை அன்று இரவே அனுப்ப வேண்டும். கடைசியில் நர்ஸ் கையில் போனைக் கொடுத்துவிட்டு மாணவர்கள் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே தப்பு அவருடையதல்ல. ஒப்படைப்பதும் ஒரு வேலைதான். டொமைன் (இணைய முகவரி) யார் பெயரில் இருக்கிறது, பாஸ்வேர்டு யாரிடம், அடுத்த வருடப் பணத்தை யார் கட்டுவார்கள் என்று எழுதிக் கொடுக்காமல் கிளம்பினால், மாணவர்கள் பட்டம் வாங்கிய கையோடு அந்த இல்லம் பழைய நோட்டுக்கே திரும்பிவிடும்.

இதற்குப் பெரிய செலவே கிடையாது. தொடக்கத்துக்கு வேண்டிய மென்பொருள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும், டொமைனுக்குச் சில நூறு ரூபாய், பஸ் கட்டணம். டொமைன் பணத்தையும் வாடிக்கையாளரே கட்டட்டும், மாணவர் கையில் இருந்து போகக் கூடாது.

இதற்கு நேர் எதிரானது நம் ஊரில் பழகிப்போயிருக்கிறது. ப்ராஜெக்ட் சென்டருக்குப் பணம் கட்டி, தலைப்பும் கோடும் அறிக்கையும் வாங்கி, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டு வைவாவை முடிப்பது. பி.இ.யிலும் நடக்கிறது, பிசிஏ-யிலும் நடக்கிறது. லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கவைத்துவிட்டு, அந்தப் படிப்பில் கையால் செய்யும் ஒரே வேலையையும் விலைக்கு வாங்க அனுமதிப்பதை நான் ஏற்கவே மாட்டேன். உங்கள் மகள் அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆகவே நான் சொன்ன வழி இது. பிசிஏ, அல்லது பி.காம். இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட். இந்த இரண்டாவது பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் கல்லூரிகளில் பல காலமாக இருக்கிறது, கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்தே வரும், கேட்டு வருகிறவர்கள்தான் குறைவு. அரசு கலைக் கல்லூரி என்றால் வருடக் கட்டணம் சில ஆயிரத்தில் முடியும். திருப்பூரிலேயே எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் என்று, அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கைக்கான டிஎன்ஜிஏஎஸ்ஏ தளத்தில் பார்த்து விண்ணப்பிக்கலாம்.

மாமா சொல்வதில் ஒன்று உண்மை. சில நிறுவனங்கள் பி.இ. மட்டும்தான் கேட்கும், தொடக்கச் சம்பளமும் பிசிஏ-க்குக் குறைவாகத்தான் இருக்கும். அதே சமயம் விப்ரோவின் டபிள்யூஐஎல்பி போல, பிசிஏ, பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து மேற்படிப்பும் படிக்கவைக்கும் வழிகளும் இருக்கின்றன. பிசிஏ-க்கு மேற்படிப்பான எம்சிஏ இப்போது இரண்டு வருடம்தான், டான்செட் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். மொத்தம் ஐந்து வருடம், பி.இ.-யைவிட ஒரு வருடம் கூடுதல். அந்த ஒரு வருடத்தையும் கடன் இல்லாமல் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்கு எது கனமாகத் தெரிகிறது என்பதில் சந்தேகமே இல்லை.

நிஜ வாடிக்கையாளரோடு திட்டம் செய்யவைக்கும் துறைகள் குறைவு, அதனால் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். போகும்போது மகளையே கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் நில்லுங்கள். போன வருட மாணவர்கள் யாருக்காகத் திட்டம் செய்தார்கள், அதை அவர்கள் இன்றைக்கும் பயன்படுத்துகிறார்களா, வழிகாட்டும் ஆசிரியர் அந்த வாடிக்கையாளரை நேரில் பார்த்தாரா, குழுவில் ஒவ்வொருவருக்கும் தனி மதிப்பெண் உண்டா. கடைசிக் கேள்வி முக்கியம். எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் என்றால் இரண்டு பேர் உழைப்பார்கள், மூன்று பேர் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். இவள் உழைக்கிற இரண்டு பேரில் ஒருத்தி. சரியான பதில் எங்கேயும் கிடைக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. இறுதி வருடத் திட்டத்துக்குத் தலைப்பை மாணவரே கொண்டுவர அனுமதி கேட்கலாம். ஒரு நூலகம், ஒரு சுய உதவிக் குழு, பக்கத்துத் தெரு கிளினிக், எது வேண்டுமானாலும் போதும். அப்பாவின் யூனிட் மட்டும் வேண்டாம். சொந்த வீட்டில் வேலையைத் தள்ளிப்போட்டால் கேட்க ஆள் இல்லை.

இந்த வாரம் அந்தத் தனியார் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள். அரசு கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதியை இன்றைக்கே தளத்தில் பாருங்கள். சாதிச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டனவா என்று சரிபாருங்கள். மாமா போன் செய்தால் மகளிடம் கொடுங்கள், என்ன படிக்கப் போகிறேன் என்று அவளே சொல்லட்டும். அந்த பண்டல் ஷீட்டையும் ஒரு பிரதி எடுத்து ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் திட்டக் குழு பிரிக்கும்போது அவள் காட்ட வேண்டிய முதல் வேலை அதுதான்.