மானுக்கு எட்டும் உயரம்: காடு வைத்திருப்பவர்களின் கேள்வி பதில்

பென்சில்வேனியாவின் வடக்கே 38 ஏக்கர் காட்டை 11 வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். வெண்வால் மான் தங்கும்படி காட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, நியூயார்க் மாநிலத்தில் 20 ஏக்கர் வாங்கினோம். ஓங்கிய மரங்கள், கீழே பெருக்கிவிட்டது போலச் சுத்தம். ஆனால் மான் நிற்காமல் போய்விடுகிறதே?

பதில்: அந்தச் சுத்தம்தான் சிக்கல் தம்பி. மான் கழுத்தை நீட்டினாலும் ஏறக்குறைய 5 அடிதான் எட்டும். அதற்கு மேல் எவ்வளவு தழை இருந்தாலும் அதற்குப் பயனில்லை. உச்சியில் கிளைகள் கூடி வெயிலை மறைத்தால் தரையில் எதுவும் முளைக்காது; தின்னவும் இல்லை, மறைந்து படுக்கவும் இல்லை. ஒன்றிரண்டு இடத்தில் ஓர் ஏக்கர் அளவுக்கு மரங்களை வெட்டித் திறந்துவிடுங்கள். இரண்டு மூன்று கோடையில் பிளாக்பெர்ரி முள்ளும் மேப்பிள் துளிரும் இடுப்பளவு வந்துவிடும். பத்துப் பதினைந்து வருடத்தில் அதுவும் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதற்குள் வேறொரு மூலையைத் திறக்க வேண்டும்.

கேள்வி: எந்த மரத்தை விட்டுவைப்பது சார்?

பதில்: முதலில் ஓக். இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மடல்களின் நுனி உருண்டிருந்தால் வெள்ளை ஓக், முள் போலக் கூராக இருந்தால் சிவப்பு ஓக். வெள்ளை ஓக்கின் கொட்டை ஒரே வருடத்தில் முற்றும், துவர்ப்பு குறைவு. விழுந்த வேகத்தில் மான் காலி செய்துவிடும். சிவப்பு ஓக் கொட்டைக்கு இரண்டு வருடம் ஆகும், துவர்ப்பு அதிகம். அதனால் பனிக்காலம் வரை தரையில் மிஞ்சிக் கிடக்கும். இரண்டும் வேண்டும். நல்ல ஓக்கின் தலையை நெருக்கும் மரங்களை மூன்று பக்கமாவது எடுத்துவிட்டால் அது விரிந்து காய்க்கும். எல்லா வருடமும் காய்க்காது, மாமரம் மாதிரிதான்.

கேள்வி: மர வியாபாரி ஒருவர், "16 அங்குலத்துக்கு மேல் பருத்ததை மட்டும் எடுக்கிறேன், சின்னது வளரட்டும்" என்கிறார். சரியா?

பதில்: வேண்டாம். நானும் முதல் வருடம் இதே பேச்சில் மயங்கி என் நல்ல ஓக் மரங்களை இழந்தேன். பெரும்பாலும் அந்தச் "சின்ன" மரங்கள் இளசு இல்லை. அதே வயதுதான், போட்டியில் தோற்றவை. நல்ல காளையை விற்றுவிட்டு நோஞ்சானைப் பொலிக்கு வைத்துக்கொள்வது போன்ற வேலை இது. வாங்குபவருக்காக இல்லாமல் உங்களுக்காக வேலை செய்யும் ஃபாரஸ்டர் (காட்டு மேலாண்மை படித்தவர்) ஒருவரை வைத்து மரங்களுக்குக் குறி போடச் சொல்லுங்கள்.

கேள்வி: மரத்தைப் பாதி அறுத்து மடக்கிப் போட்டால் மான் படுக்க மறைவு கிடைக்குமாமே?

பதில்: கிடைக்கும். பட்டையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருப்பதால் சாய்ந்த மரம் சில வருடம் தழைக்கும். கை அகலத்துக்குள் அடங்கும் மரத்தில் மட்டும் செய்யுங்கள். நான் ஒருமுறை பருத்த ஆஷ் மரத்தில் செயின்சாவை, அதாவது இயந்திர ரம்பத்தை, வைத்தேன். பாதி அறுப்பதற்குள் தண்டு மேல்நோக்கிப் பிளந்து, அடித்துண்டு என் தோளை உரசிக்கொண்டு எகிறியது. செயின்சா பழக்கம் இல்லாதவர் தொடவே கூடாது.

கேள்வி: பனிக்காலத்தில் மக்காச்சோளம் போடலாமா?

பதில்: கூடாது. குளிரில் சுள்ளியும் மொட்டும் தின்று பழகிய வயிற்றில் திடீரெனச் சோளம் விழுந்தால் புளித்து அமிலமாகும்; வயிறு நிறைந்தபடியே மான் சாகும். கூட்டம் ஒரே இடத்தில் வாய் வைத்தால் நோயும் பரவும். மூளையை அரிக்கும் மான் நோய் 2012இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அது பரவிய பகுதிகளில் தீனி போடுவதே சட்டப்படி குற்றம்.

கேள்வி: வெட்டித் திறந்தேன் ஐயா. வந்தது முழுக்கப் பெரணிதான்.

பதில்: ஊரில் ஆடு மற்றதையெல்லாம் மேய்ந்துவிட்டு ஆடாதோடையை மட்டும் விட்டுவைக்குமே, அதே கதை. மான் அதிகமாகிவிட்டது என்று பொருள். சந்தேகம் இருந்தால் 10 அடிக்கு 10 அடி கம்பி வலை அடித்து இரண்டு வருடம் விடுங்கள். என் வலைக்குள் ஓக் கன்று முழங்கால் உயரம். வெளியே பென்சில் நீளம்கூட இல்லை.

கேள்வி: நாங்கள் சைவம். வேட்டை இல்லாமல் முடியாதா?

பதில்: ஓநாயும் பூமாவும் இங்கே எப்போதோ அழிந்துவிட்டன. கார்தான் மிச்சமிருக்கும் வேட்டை விலங்கு. திறந்த இடத்தைச் சுற்றி 8 அடி வேலி போடலாம், செலவு கையைக் கடிக்கும். நானும் சுடுவதில்லை. பக்கத்து ஊர்க்காரர் இருவருக்கு எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறேன், பெண் மானை மட்டும் சுடவேண்டும் என்று. முதல் வருடம் இறைச்சிப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். மறுவருடத்திலிருந்து மேப்பிள் பாகு வருகிறது.