அடுத்தவருக்கு அப்ளிகேஷன் போட்டுக் கொடுப்பது தொழிலாகுமா?

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகன் பி.இ. முடித்து இரண்டு வருடமாகிறது. வீட்டில் உட்கார்ந்தபடி தெரிந்தவர்களுக்கெல்லாம் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுக் கொடுக்கிறான், ஆளுக்கு 200, 300 வாங்குகிறான். இப்போது அதையே தொழிலாக நடத்தப் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கடை, அட்வான்ஸ், இரண்டு கம்ப்யூட்டர், போர்டு என்று இரண்டு லட்சம் கேட்கிறான். "தனக்கே வேலை கிடைக்காதவன் ஊருக்கு வேலை வாங்கித் தரப் போகிறானாம்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தம்பி வேலை வாங்கித் தருவதாகச் சொல்லவில்லை, அப்ளிகேஷன் போட்டுத் தருவதாகத்தான் சொல்கிறான். இரண்டும் ஒன்றுதானே என்று வெளியில் நிற்பவர்களுக்குத் தோன்றும். பணம் கொடுக்கிறவருக்கும் மெல்ல மெல்ல அப்படித்தான் தோன்ற ஆரம்பிக்கும். சிக்கல் அங்கேதான் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

தொழில் என்ற அளவில் இது ஒன்றும் புதுசு இல்லை. 2022-ல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம். இதில் எத்தனை பேர் தாங்களே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து போட்டிருப்பார்கள்? கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் தாலுகா ஆபீஸ் எதிரில் இருக்கும் நெட் சென்டருக்குப் போய்ப் பாருங்கள். நிற்பவர்கள் கையிலெல்லாம் ஸ்மார்ட்போன் இருக்கும். ஆனாலும் ஏதாவது தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் வந்திருப்பார்கள். அந்தப் பயம் போவதற்குத்தான் காசு கொடுக்கிறார்கள்.

பயத்தில் நியாயமும் இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் முன்னுரிமை இருக்கிறதல்லவா, அதைக் கேட்கும் இடத்தில் அவசரத்தில் 'இல்லை' என்று தட்டிவிட்டால், கடைசித் தேதிக்குப் பிறகு தரும் மூன்று நாள் திருத்த அவகாசத்தில் கவனித்தால் உண்டு. இல்லாவிட்டால் போனது போனதுதான். ரயில்வே தேர்வில் கட்டும் 500 ரூபாயில் 400 ரூபாய், முதல் கட்டத் தேர்வை எழுதினால் திரும்ப வரும். அதற்கு வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்பார்கள். அதில் ஒரு இலக்கம் மாறினால் காசு யாருக்கோ. தட்டியது யாராக இருந்தாலும் பாதிப்பு விண்ணப்பதாரருக்குத்தான். "நெட் சென்டர்க்காரர் தப்பாகப் போட்டுவிட்டார்" என்பதை எந்தத் தேர்வாணையமும் காரணமாக எடுத்துக்கொள்ளாது.

என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கிராமத்துப் பெண், சொந்தமாக இமெயில் கிடையாது. கடைக்காரர் நல்ல மனிதர். "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்று தன்னுடைய இமெயிலையும் தன்னுடைய செல் நம்பரையும் போட்டு அப்ளிகேஷனை முடித்துவிட்டார். பிரின்ட் அவுட் கொடுத்தார், அவளும் பத்திரமாக வைத்திருந்தாள். ஹால் டிக்கெட் எடுக்கப் போனபோது கடை மூடியிருந்தது. அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், நம்பரையும் மாற்றிவிட்டார். பாஸ்வேர்டு தெரியாது, மாற்றலாம் என்றால் ஓ.டி.பி. அந்தப் பழைய நம்பருக்குப் போகிறது. அலைந்து ஆள் பிடித்துச் சரிசெய்வதற்குள் தேர்வு முடிந்திருந்தது. ஏமாற்றும் எண்ணம் அதில் யாருக்கும் இல்லை. வங்கித் தேர்வு நடத்தும் ஐ.பி.பி.எஸ். தன் அறிவிப்பில் சொந்த இமெயிலும் சொந்த மொபைல் எண்ணும்தான் தர வேண்டும், அடுத்தவருடையதைப் போடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் எழுதுவது இதனால்தான். யார் படிக்கிறார்கள்?

ஆகவே தம்பிக்கு என் முதல் நிபந்தனை: வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவருடைய போனில்தான் ஓ.டி.பி. வர வேண்டும், அவர் கையால்தான் பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். கடைசியில் 'சமர்ப்பி' பட்டனை அழுத்துவதும் அவர்தான். ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் சான்றிதழை அனுப்பிவிட்டு "போட்டுடு தம்பி" என்பவர்களுக்குச் செய்யவே வேண்டாம். மத்திய அரசுப் பணிகளுக்குத் தேர்வு நடத்தும் எஸ்.எஸ்.சி.யில் 2024 முதல் பழைய போட்டோவை ஏற்றுவது போய், கேமரா முன்னால் நேரில் உட்கார்ந்து படம் எடுக்க வைத்துவிட்டார்கள். ஆள் இல்லாமல் அப்ளிகேஷன் போடும் காலம் எப்படியும் முடிந்துகொண்டு வருகிறது.

இது அரசுத் தேர்வுகள். தம்பியின் கனவு இதில் இல்லை என்று நினைக்கிறேன். மாதம் 2,000 ரூபாய் கட்டினால் நவ்க்ரி, லிங்க்ட்இன் போன்ற வேலை தேடும் தளங்கள், கம்பெனி இணையதளங்கள் என்று 100 இடத்தில் விண்ணப்பிப்போம் என்று அவன் எழுதி வைத்திருக்கும் திட்டத்தை நீங்கள் இணைத்து அனுப்பியிருந்தீர்கள். அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

போன வருடம் ஒரு பையன் என் எதிரில் உட்கார்ந்திருந்தபோது அவனுக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"டெஸ்ட்டிங் பொசிஷனுக்கு அப்ளை பண்ணியிருந்தீங்க, இப்ப பேசலாமா?"

"சொல்லுங்க மேடம். எந்த கம்பெனின்னு தெரிஞ்சுக்கலாமா?"

அந்தப் பெண்மணி பெயரைச் சொன்னார். பையன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நோட்டீஸ் பீரியட் 15 நாள்னு போட்டிருக்கீங்க."

"இல்ல மேடம், ரெண்டு மாசம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஓகே, பார்த்துட்டுக் கூப்பிடறோம்." அவ்வளவுதான், கூப்பிடவில்லை.

அவனுக்காக வேறொருவர் காசு வாங்கிக்கொண்டு அப்ளிகேஷன் போட்டிருந்தார். நோட்டீஸ் பீரியட், அதாவது இப்போதைய வேலையை விட எத்தனை நாள் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு எது போட்டால் வடிகட்டலில் தப்பிக்கும் என்று பார்த்து 15 என்று போட்டிருக்கிறார். பையனுக்கு எங்கே போட்டார், என்ன போட்டார் என்று எதுவும் தெரியாது. அப்ளிகேஷன் எண்ணிக்கை மட்டும் வாரா வாரம் வாட்ஸ்அப்பில் வரும்: "இந்த வாரம் 42." அந்த 42-ல் அவன் தகுதிக்குப் பொருந்தியது எத்தனை என்று உட்கார்ந்து எண்ணினோம். ஆறு.

இனிக் கணக்குக்கு வருவோம், உங்களுக்குக் கணக்குப் பழக்கம் உண்டு என்று கடிதமே சொல்கிறது. பெரிய கம்பெனிகளின் தளத்தில் ஒவ்வொன்றுக்கும் தனியாக அக்கவுன்ட் தொடங்கி, ரெஸ்யூமேயை ஏற்றிய பிறகும் அதே விவரத்தைக் கட்டம் கட்டமாகத் திரும்ப நிரப்ப வேண்டும். வேலை விவரத்தைப் படித்து, ஆளுக்குப் பொருந்துமா என்று பார்த்து, ரெஸ்யூமேயில் இரண்டு வரி மாற்றிப் போட்டால் ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வையுங்கள். 100 அப்ளிகேஷனுக்கு 33 மணி நேரம். 2,000 ரூபாயை வகுத்தால் மணிக்கு 60 ரூபாய். கடை வாடகை, கரன்ட் பில் இதற்குள்தான். பத்து வாடிக்கையாளர் என்றால் மாதம் 330 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை கூடச் சேர்த்து நாளைக்குப் பதினோரு மணி நேரம். கிடைப்பது 20,000.

இந்தக் கணக்கு இரண்டாவது மாதத்தில் தம்பிக்கே புரியும். அப்போது இரண்டு வழிதான் தெரியும். ஒன்று, படிக்காமலே, சில தட்டில் விண்ணப்பம் போய்விடும் 'ஈஸி அப்ளை' பட்டனைத் தட்டிக்கொண்டே போவது. இன்னொன்று, தானாக அப்ளை செய்யும் ஏ.ஐ. கருவி ஒன்றை வாங்கி ஓட விடுவது. லிங்க்ட்இன் தன் விதிமுறையிலேயே இப்படிப்பட்ட தானியங்கிக் கருவிகளைத் தடை செய்திருக்கிறது, ஒருவர் அக்கவுன்ட்டை இன்னொருவர் பயன்படுத்துவதையும் அனுமதிப்பதில்லை. மாட்டினால் முடங்குவது வாடிக்கையாளரின் அக்கவுன்ட். எட்டு வருடம் சேர்த்த தொடர்புகளோடு ஒருவரின் கணக்கு முடங்கினால், அவர் உங்கள் வீட்டு வாசலில் வந்துதான் நிற்பார்.

மூன்றாவதாக ஒரு வழியும் தேடி வரும், அதுதான் எனக்குக் கவலை. "தம்பி, அப்ளிகேஷன் போட்டீங்க, ஆன்லைன் டெஸ்ட் லிங்க் வந்திருக்கு, அதையும் நீங்களே முடிச்சுக் குடுத்துடுங்க, மேல ஒரு ஆயிரம் தர்றேன்." நன்றாகப் படித்த பையன்களுக்கு இது பெருமையாகக்கூட இருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 66டி பிரிவு, கம்ப்யூட்டர் வழியாக இன்னொருவர் போல நடித்து ஏமாற்றுவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி, தண்டனை அதே அளவு. தம்பிக்கு இதை உட்கார வைத்துச் சொல்லுங்கள். கோபமாகச் சொல்லாதீர்கள், சாப்பிடும்போது சொல்லுங்கள்.

வெளிநாட்டு வேலை பக்கம் போகவே கூடாது. "துபாய்க்கு ஒரு அப்ளிகேஷன் போட்டுக் குடு" என்றுதான் ஆரம்பிக்கும். பிறகு விசாவைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு ஏஜென்ட் யாரையாவது தெரியுமா என்பார்கள். 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி பதிவு பெறாமல் வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பது குற்றம். பதிவு பெற்றவர்களே 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். கேட்டு வருபவர்களைத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு வழி காட்டிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, வேண்டாம் என்று சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. அவனிடம் ஒரு திறமை இருக்கிறது, அதை அவன் தப்பான விலைச்சீட்டு ஒட்டி விற்கிறான், அவ்வளவுதான். இரண்டு வருடம் தனக்காக நூற்றுக்கணக்கில் அப்ளிகேஷன் போட்டுத் தேய்ந்ததில், எந்த விளம்பரம் நிஜம், எது சும்மா ரெஸ்யூமே சேர்க்கப் போட்டது, எந்தத் தளத்தில் கட்டம் எங்கே உதைக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு இது தெரியாது. நூறு அப்ளிகேஷனுக்கு 2,000 என்பதை விட்டுவிட்டு, மாதம் பன்னிரண்டு மட்டும் போடட்டும். ஒவ்வொன்றையும் வாடிக்கையாளர் முன்கூட்டியே பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சம்பளம், அனுபவம், நோட்டீஸ் பீரியட் எல்லாம் அவர் வாயால் சொன்னபடி. போட்டதை ஒரு எக்ஸெல் ஷீட்டில், கம்பெனி, பதவி, தேதி, எந்த ரெஸ்யூமே, என்ன பதில் சொன்னோம் என்று எழுதி, அவர் போனிலும் இருக்க வேண்டும். பஸ்ஸில் நிற்கும்போது அழைப்பு வந்தாலும் "ஒரு நிமிஷம் மேடம்" என்று சொல்லி அதைத் திறந்து பார்த்துப் பேசலாம்.

பன்னிரண்டு அப்ளிகேஷனுக்கு, வாடிக்கையாளரோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதையும் சேர்த்து, ஆறு மணி நேரம் ஆகாது. அதற்கு 1,000 ரூபாய் கேட்பதில் தப்பில்லை. அந்தக் காசு தன் உழைப்பு நேரத்துக்கானது, வேலை கிடைப்பதற்கானது இல்லை என்பதை ரசீதிலேயே தமிழில் அச்சடித்துக் கொடுக்கட்டும். "வேலை கிடைத்ததும் முதல் மாதச் சம்பளத்தில் பாதி" போன்ற பேரம் வரும், ஏற்க வேண்டாம். ஏற்றால் அவன் வேலை வாங்கித் தருகிறவன் ஆகிவிடுகிறான். அதேபோல, தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளம், மத்திய அரசின் வேலைவாய்ப்புத் தளமான என்.சி.எஸ்., மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலக முகாம்கள் எல்லாம் இலவசம் என்பதை வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடட்டும். சொன்னால் சிலர் எழுந்து போவார்கள். போகட்டும்.

ஆதார் நகல், மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் அவன் லேப்டாப்பில் சேரும். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அவன் ஒருமுறை படித்துவிட வேண்டும். எளிமையாகச் சொன்னால், எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடு. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதுமான இடத்தில் முழு ஆதாரை வாங்கவே வேண்டாம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் முடித்துக்கொள்ளலாம். வருட வரவு 20 லட்சத்தைத் தொடும் வரை ஜி.எஸ்.டி. பற்றிக் கவலை வேண்டாம். இப்போதைக்கு அது இன்பமான கவலை.

இன்னொன்று. மூன்று மாதம் இந்த ஷீட்டை ஒழுங்காக வைத்திருந்தால், எத்தனை அப்ளிகேஷனுக்கு எத்தனை அழைப்பு வந்தது என்று அவன் கையில் ஒரு கணக்கு இருக்கும். ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சிகளில் ரெக்ரூட்டர் வேலைக்கு இன்டர்வியூ போனால், அதைக் காட்டிப் பேசலாம். தன் ரெஸ்யூமேயில் இரண்டு வருட இடைவெளிக்கு இதுவரை அவன் என்ன எழுதுகிறான் என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்கான அப்ளிகேஷன் தொடரட்டும், வாடிக்கையாளர் வரிசையில் அவனும் ஒருவனாக இருக்கட்டும்.

கடை வேண்டாம், போர்டு வேண்டாம், வீட்டு முன் அறை போதும். மார்ச்சில் முதிர்வாகும் வைப்புத்தொகையை உடைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை அப்படியே புதுப்பித்துவிடுங்கள். ஒரு ஸ்கேனருடன் கூடிய பிரின்டர் மட்டும் வாங்கிக் கொடுங்கள், பத்தாயிரத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. பக்கத்தில் இரண்டாவது நாற்காலி ஒன்று போடச் சொல்லுங்கள், வருகிறவர் திரையைப் பார்க்கும்படி.