மத்தாரிக்கி என்பது என்ன? மாவோரி மக்கள் அதை எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

நம்ம கார்த்திகை நட்சத்திரம்தான். வானத்தில் சின்னக் கொத்தாகத் தெரியுமே, அதே கூட்டம்தான் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு மத்தாரிக்கி. ஏறக்குறைய ஒரு மாதம் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, ஜூன் கடைசி அல்லது ஜூலையில் விடியலுக்கு முன் வடகிழக்கே மறுபடி தலைகாட்டும். அதிலிருந்து அவர்களுக்குப் புது வருஷம். மே மாதத்தில் சூரியன் அந்த நட்சத்திரத்தை ஒட்டிப் போவதால்தான் அது மறைகிறது. ஊரில் அதே நாட்களைத்தான் அக்னி நட்சத்திரம், கத்திரி வெயில் என்று திட்டிக்கொண்டிருப்போம், இங்கே நியூசிலாந்தில் அப்போது குளிர் இறங்கிக்கொண்டிருக்கும்.

2022 ஜூன் 24 அன்று முதல்முறையாக இதற்கு அரசு விடுமுறை விட்டார்கள். தேதி வருஷா வருஷம் மாறும்: 2023இல் ஜூலை 14, 2024இல் ஜூன் 28, 2025இல் ஜூன் 20. நட்சத்திரம் உதித்தால் மட்டும் போதாது, நிலாவும் தேய்ந்து பாதியாகும் கட்டத்துக்கு வந்திருக்க வேண்டும், அந்த இரவுகளுக்குத் தங்காரோவா என்று பெயர். நட்சத்திரமும் திதியும் பார்த்தே நாள் குறித்துப் பழகிய நமக்கு இது ஒன்றும் விசித்திரமில்லை. விடுமுறை மட்டும் எப்போதும் வெள்ளிக்கிழமையில் வரும்படி 2052 வரை தேதிகளை முன்கூட்டியே குறித்துவிட்டார்கள். இதில் பெரும்பங்கு ராங்கி மாத்தாமுவா என்ற பேராசிரியருக்கு. அவருடைய முன்னோர் கைப்பட எழுதி வைத்த, சுமார் 400 பக்கமுள்ள நட்சத்திரக் குறிப்பு ஒன்று வீட்டு அலமாரியில் கிடந்திருக்கிறது, தாத்தா அதை எடுத்து இவர் கையில் கொடுத்தார்.

ஒன்பது நட்சத்திரம் என்பது இப்போது பரவலாகச் சொல்லும் கணக்கு (ஏழு என்று சொல்லும் குலங்களும் உண்டு). மண்ணில் விளைவதற்குத் துப்புவானுக்கு, மேலே கிடைக்கும் பறவைக்கும் பழத்துக்கும் துப்புவாராங்கி, ஆறு குளத்து மீனுக்கு வைத்தீ, கடலுக்கு வைத்தா, மழைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று. மத்தாரிக்கி உடல்நலத்துக்கு. ஹிவா என்பது வரப்போகும் வருஷத்தில் நினைத்தது நடக்க வேண்டிக்கொள்ள. எது பளிச்சென்று தெரிகிறது, எது மங்கலாக இருக்கிறது என்று பார்த்து அந்த வருஷம் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். போஹுதுக்காவா என்ற ஒன்பதாவதைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இறந்தவர்களுடையது.

பலர் இதை 'மாவோரி நியூ இயர்' என்று சொல்லி பார்ட்டி போல நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சாப்பாட்டுக்கும் சந்தோஷத்துக்கும் முன்னால் துக்கம் வருகிறது. தாராமைநுக்கு என்பவன் வானத்தில் ஒரு படகு ஓட்டுகிறான், அதன் முன்முனை மத்தாரிக்கி, பின்முனை ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தின் நடுவில் வரிசையாகத் தெரியும் மூன்று நட்சத்திரங்கள். அன்றன்றைக்கு இறந்தவர்களை வலை வீசி அள்ளி ஏற்றிக்கொள்வான். மத்தாரிக்கி மறுபடி எழும்போது அவர்களை நட்சத்திரங்களாக வானில் விட்டுவிடுவான். அதனால் விடியற்காலைச் சடங்கில் அந்த வருஷம் இறந்தவர்களின் பெயர்களை உரக்கச் சொல்கிறார்கள். ஹாமில்டன் பக்கம் அப்படி ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன். புல்லெல்லாம் உறைபனி, கூட்டத்தில் யாரும் டார்ச் அடிக்கவில்லை. பெரியவர் ஒருவர் ஆரம்பித்தார், அப்புறம் ஆளாளுக்கு, சிலர் அழுதுகொண்டே. நானும் அந்த வருஷம் போய்ச் சேர்ந்த என் சித்தியின் பெயரைச் சொன்னேன். யாரும் வித்தியாசமாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் ஹவுதாப்பு, அதாவது நட்சத்திரங்களுக்குப் படையல். சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கோழி, விலாங்கு, கடல்மீன் என்று மேலே சொன்ன நான்கு உணவு நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொன்று, எல்லாம் ஆவியில் வெந்தது. மூடியை எடுத்ததும் குபுகுபுவென்று மேலே போகும் ஆவிதான் படையல். அதில் விலாங்கு வாசனைதான் தூக்கலாக இருந்தது.

வாணவேடிக்கை பற்றியும் கேட்பீர்கள். வெலிங்டனில் நவம்பரில் நடந்த வேடிக்கையை 2018இல் மத்தாரிக்கிக்கு மாற்றினார்கள்; சரியாக அந்த வாரம் பார்த்துத் துறைமுகத்துக்குள் ஒரு திமிங்கிலம் வந்துவிட, அதற்காக நிகழ்ச்சியைத் தள்ளி வைத்தார்கள்! பின்னாளில் மாத்தாமுவாவே நகராட்சிகளிடம் வெடி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் பக்கம்தான் நான். நட்சத்திரம் பார்க்கிற நாளில் வானத்தைப் புகையாக்கி என்ன பிரயோஜனம்?

நேரில் பார்க்க ஆசையிருந்தால் விடிவதற்கு ஒரு மணி நேரம் முன் கிழக்குப் பக்கம் மறைப்பில்லாத இடத்தில் நில்லுங்கள். முதலில் ஓரியனின் மூன்று நட்சத்திரங்கள், இடப்பக்கம் நகர்ந்தால் சிவப்பாக ரோகிணி, இன்னும் இடப்பக்கம் போனால் அந்தக் கொத்து. எங்கள் ஊரில் மூடுபனி அடிக்கடி கெடுக்கும், மறுநாள் பார்க்கலாம், நாலைந்து நாள் அவகாசம் உண்டு. தாரானாக்கி, வாங்கனுயி பக்கம் போனால் மட்டும் புவாங்கா எங்கே என்று கேளுங்கள். அங்கே மத்தாரிக்கி சரியாகத் தெரியாது என்பதால், ஓரியனிலேயே பளிச்சென்று எரியும் ரீகல் என்ற நட்சத்திரத்தை (அதுதான் புவாங்கா) வைத்துத்தான் அவர்களுக்கு வருஷம் பிறக்கிறது.