பட்டினி போட்டா லிவர் சரியாயிடுமா? (கடிதம்)

வணக்கம்ண்ணே. தண்டையார்பேட்டைலேந்து எழுதுறேன். எங்க நைனா கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுனவரு, வயசு 57. சுகருக்கு மாத்திரை போடுறாரு. குடிய விட்டு ஒரு வருஷம் ஆவுது. ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு வந்துச்சு, லிவர் எவ்ளோ கெட்டியாயிருக்குன்னு பாக்குற ஃபைப்ரோஸ்கேன்லயும் நம்பர் ஜாஸ்தின்னாங்க. யூட்யூப்ல ஒருத்தரு, 3 நாள் வெறும் தண்ணில இருந்தா ஆட்டோஃபேஜி ஆரம்பிச்சு லிவர் தானே கிளீன் ஆயிடும், இதுக்கு நோபல் பரிசே குடுத்திருக்காங்கன்றாரு. எத்தன மணி நேரத்துல ஸ்டார்ட் ஆவும்ணே? கீழாநெல்லியும் குடுக்கலாமா? போன வாரம் ஒரு நாள் முழுக்க இருந்து பாத்தாரு, ராத்திரி வேர்த்து தல சுத்திச்சு. கொஞ்ச நாளா சாயந்திரமானா காலு வீங்குது, வயசாவுதுல்ல.

தம்பி,

கால் வீங்குதுன்றத கடைசி வரில எழுதுறியே, அது தான்டா மொத வரில இருக்கணும். அதுக்கு வரேன். இந்த ஆட்டோஃபேஜி பேச்சு கொஞ்ச நாளாவே என் மண்டைல ஓடிட்டு இருக்கு, அதனால தான் உனக்கு இவ்ளோ நீட்டி எழுதுறேன்.

ஆட்டோஃபேஜின்னா செல்லு தன்னோட பழைய பாகத்த தானே ஒடைச்சு கரைச்சு திரும்ப உபயோகிக்கிற வேலை. அதுக்கு நோபல் குடுத்தது உண்மை. 2016ல ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு குடுத்தாங்க, ஆனா அவரு வேலை பாத்தது ஈஸ்ட்ல, ரொட்டி மாவு பொங்க வைக்கிறோமே அந்த ஈஸ்ட்ல, எந்த ஜீன்லாம் இந்த வேலைய நடத்துதுன்னு கண்டுபிடிச்சதுக்கு. 3 நாள் தண்ணி குடிச்சா லிவர் சரியாவும்னு அவரு எங்கயும் காட்டல. அவருக்கு ரொம்ப முன்னாடியே இத பாத்த எடம் எலியோட லிவர் தான், 1962ல ஆஷ்ஃபோர்டு, போர்ட்டர்னு ரெண்டு பேரு எலி லிவருக்கு குளுக்ககான் ஹார்மோன குடுத்துட்டு லிவர் செல்லுக்குள்ள பாத்தா, செல்லு தனக்கு சக்தி குடுக்குற சொந்த மைட்டோகாண்ட்ரியாவையே பைல போட்டு கரைச்சிட்டிருந்துச்சு. அடுத்த வருஷம் கிறிஸ்டியன் டி டூவ்ன்ற விஞ்ஞானி இதுக்கு ஆட்டோஃபேஜின்னு பேரு வெச்சாரு. சாப்புடாதப்ப குளுக்ககான் ஏறும், இந்த வேலையும் ஏறும், சாப்ட்டா இன்சுலின் ஏறி அது அடங்கும். ஆனா எப்பவும் கொஞ்சமாவது ஓடிட்டே தான் இருக்கும், எத்தன மணி நேரத்துல ஸ்டார்ட்டுன்ற கேள்வியே அதனால சரியில்ல. 48 மணி நேரம் பட்டினி போட்ட சுண்டெலி லிவர் புரதத்துல 25லேந்து 40 சதவீதத்த இழக்குதுன்னு அளந்திருக்காங்க, ஆனா அவ்ளோ சின்ன உடம்புக்கு ரெண்டு நாள் பட்டினின்றது உயிர் போற விஷயம், அத அப்படியே உங்க நைனா மேல வெக்க முடியாது.

இப்ப நான் சொல்ல வந்தது. நம்ம ஏரியா காயலாங்கடைய நெனச்சுக்க. தெரு தெருவா சுத்தி பழச மூட்டை கட்டி எடுத்துட்டு வர்றது ஒரு வேலை, பின்னாடி ஷெட்ல ஒடைச்சு இரும்பு தனியா செம்பு தனியா பிரிச்சு திரும்ப வேலைக்கு அனுப்புறது இன்னொரு வேலை. செல்லுலயும் இப்படி தான், ஒடைக்கிற ஷெட்டுக்கு பேரு லைசோசோம். கொழுப்பு உருண்டையும் அங்க தான் போய் கரையுதுன்னு 2009ல நியூயார்க் ஆளுங்க எலி லிவர்ல காட்டுனாங்க. ஆனா கொழுப்பு ரொம்ப நாளா ஏறிக் கெடக்குற லிவர்ல பல நேரம் ஷெட்டே படுத்துடுது, உள்ள இருக்க வேண்டிய அமிலம் கொறையுது, செரிக்கிற என்சைம் கொறையுது. ஷெட்டு ஓடாதப்ப மூட்டைய மட்டும் கூட கூட கட்டுனா தெருவே அடைச்சுக்கும். பட்டினி இருந்தா எல்லாம் கரைஞ்சிடும்ன்றவங்க யாரும் ஷெட்ட பத்தி பேசறதே இல்ல.

ஆட்டோஃபேஜிய வெச்சு மருந்து கண்டுபிடிக்கிற ஆராய்ச்சியும் மெதுவா தான் போவுது. வலிப்புக்கு குடுக்குற கார்பமசெபின், ஒரு பரம்பரை லிவர் வியாதில தேங்குற கெட்ட புரதத்த கரைக்குதுன்னு 2010ல எலில பாத்தாங்க. கேன்சர்ல தலைகீழ், ஆரம்பத்துல இந்த வேலை கட்டிய தடுக்கும், கட்டி வந்துட்டா அதுக்கே சோறு போடும். ஏத்தணுமா எறக்கணுமான்னு வியாதிக்கு வியாதி மாறும், இதுல வீட்ல ஒக்காந்து முடிவு பண்ண ஒண்ணுமே இல்ல தம்பி.

எங்க பெரியப்பா ஹார்பர்ல மூட்டை தூக்குனவரு, ராயபுரத்துல வீடு. லிவர் சுருங்கிப் போச்சுன்னு தெரிஞ்சதும் தெருவே சேந்து முட்ட கூடாது, மீன் கூடாது, பருப்பு கூடாது, வயித்த காய போடுன்னு சொல்லிச்சு. காசிமேட்டுல மீன் வந்து எறங்குது, இவருக்கு மட்டும் மூணு வேளையும் தண்ணி கஞ்சி. பெரியம்மா பாசத்துல தான் பண்ணாங்க. மூட்டை தூக்குன கை குச்சி மாதிரி ஆச்சு, வயிறு மட்டும் முன்னாடி வந்துச்சு, கடைசில என்ன யாருன்னே தெரியாம பேசுனாரு. அத நெனச்சா இன்னிக்கும் எனக்கு ஆறல.

ஏன்னா நல்ல லிவரு ராத்திரிக்கு வேண்டிய சக்கரைய கிளைக்கோஜனா சேத்து வெச்சிருக்கும். தழும்பு விழுந்து சுருங்குன லிவர்ல அந்த சேமிப்பு இல்ல. ஒரே ராத்திரி சாப்புடாம தூங்கி எழுந்தா, நல்ல ஆளு 2, 3 நாள் பட்டினி கெடந்தா என்ன ஆவுமோ அந்த நெலமைக்கு உடம்பு வந்துடும், சதைய ஒடைச்சு சக்கரை செய்ய ஆரம்பிக்கும். சதை தான் ரத்தத்துல ஏறுற அம்மோனியான்ற கழிவுலயும் ஒரு பங்க வாங்கிக்குது, சதை போனா அது மூளைக்கு ஏறும், ஆளு கொழம்புவாரு. அதனால தான் இப்ப சிரோசிஸ், அதாவது இப்படி சுருங்குன லிவர் இருக்குறவங்களுக்கு படுக்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா ஏதாவது சாப்புட சொல்றாங்க, எடைல கிலோவுக்கு 1.2லேந்து 1.5 கிராம் புரதம் வேணும்ன்றாங்க, 60 கிலோ ஆளுன்னா ஒரு நாளைக்கு 72லேந்து 90 கிராம். கஞ்சில எங்கடா வரும் அது?

உங்க நைனாவுக்கு சிரோசிஸ்னு நான் சொல்லல. ஃபைப்ரோஸ்கேன் நம்பர் ஜாஸ்தி, காலு வீங்குது, இத்தன வருஷ குடி, இத வெச்சுக்கிட்டு பட்டினி போடாதன்றேன். வீக்கம் கிட்னியாலயும் வரலாம், இதயத்தாலயும் வரலாம், வயசுன்னு நீயே தீர்ப்பு எழுதாத. சுகர் மாத்திரைய போட்டுட்டு பட்டினி கெடந்தா சுகர் ரொம்ப கீழ எறங்கலாம், அன்னிக்கு வேர்த்து தல சுத்துனது அதுவா இருக்கலாம், தூக்கத்துல நடந்திருந்தா என்னடா பண்ணிருப்ப?

கீழாநெல்லிய இப்ப விடு.

வெறும் ஃபேட்டி லிவர்னு தெரிஞ்சா, நெதம் நடந்து, அளவா சாப்ட்டு உடம்பு எடைல 7லேந்து 10 சதவீதம் மெதுவா கொறைச்சாலே லிவர் நல்லா தேறும், அத டாக்டரு பாத்து சொல்லட்டும். நாளைக்கு காலைல ஸ்டான்லிக்கு கூட்டிட்டு போ, பழைய ரிப்போர்ட்டு, மாத்திரை அட்டை எல்லாம் எடுத்துக்க, கால் வீக்கத்த மொதல்ல சொல்லு, பட்டினி கெடந்ததையும் மறைக்காத. ரத்தத்துல ஆல்புமின், பிளேட்லெட் எவ்ளோ இருக்கு, வயித்துல தண்ணி இருக்கா, கிட்னி எப்படி இருக்குன்னு நீயே கேளு. இன்னிக்கு ராத்திரி உப்பு கம்மியா வெச்சு வேளைக்கு சாப்பாடு போடு, படுக்க போறப்ப ஒரு இட்லியாவது குடு. டாக்டரு என்ன சொன்னாருன்னு எனக்கு எழுது.