டபராவா, தட்டா?

கேள்வி: பறக்கும் தட்டைப் பார்த்ததாக எல்லா நாட்டிலும், எல்லாக் காலத்திலும் யாராவது சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே, நிஜமாகவே ஏதாவது இருக்குமா? (பெயர் போட வேண்டாம், வீட்டில் சிரிப்பார்கள்.)
– ஒரு வாசகர், பல்லடம்

பதில்: தட்டு என்கிறீர்களே, அங்கேயே எனக்கு இடறுகிறது. ஆங்கிலத்தில் அது சாஸர். டீயை ஊற்றி உறிஞ்சுகிற சாஸர் எங்கே, சோறு போட்டுச் சாப்பிடுகிற தட்டு எங்கே? கும்பகோணத்துக்காரர் யாரிடமாவது கொடுத்திருந்தால் 'பறக்கும் டபரா' என்று நியாயமாக எழுதியிருப்பார். மொழிபெயர்ப்பாளர்களோடு எனக்குள்ள பகை பழைய வாசகர்களுக்குத் தெரியும். முன்பு நான் வேலை பார்த்த நாளிதழில், அமைச்சர் ஒருவருக்கு ஒரு ஊரில் கிடைத்த 'கோல்ட் ரிசப்ஷனை' ஒரு புண்ணியவான் 'குளுகுளு வரவேற்பு' ஆக்கினார். அமைச்சர் ஆளனுப்பி நன்றி சொன்னார்.

ஆனால் சாஸர் விஷயத்தில் நம் ஆளை மட்டும் திட்டிப் பயனில்லை. குளறுபடி அமெரிக்காவிலேயே ஆரம்பித்துவிட்டது. 1947 ஜூன் 24. கென்னத் ஆர்னால்ட் என்பவர் தன் சின்ன விமானத்தில் வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலைப் பக்கம் போனார். காணாமல் போன ராணுவ விமானத்தைக் கண்டுபிடித்தால் 5,000 டாலர் பரிசு. விமானம் கிடைக்கவில்லை. பளபளவென்று ஒன்பது பொருட்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தார். ரெய்னியரிலிருந்து ஆடம்ஸ் மலையைத் தாண்ட 1 நிமிடம் 42 விநாடி. கணக்குப் போட்டால் மணிக்கு 1,200 மைலுக்கும் மேல். தண்ணீரில் சாஸரை வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அப்படிப் போயின என்றார். அவர் சொன்னது போன விதத்தை. பத்திரிகைக்காரர்கள் அதையே உருவமாக்கிவிட்டார்கள். ராணுவத்துக்கு அவர் வரைந்து கொடுத்த படம் செருப்பின் குதி மாதிரி இருக்கிறது! ஆனாலும் அந்தக் கோடையில் அமெரிக்கா முழுக்க வானத்தில் தெரிந்தது வட்ட வட்டமாக சாஸர்தான். தலைப்பு எழுதுகிறவன் கைக்கு அவ்வளவு பலம்.

முந்தைய தலைமுறைகளுக்கு சாஸர் தெரியவில்லை. 1561இல் நியூரம்பர்க் வானத்தில் உருண்டைகளும் சிலுவைகளும், கடைசியில் ஒரு கறுப்பு ஈட்டியும் தெரிந்ததாக ஹான்ஸ் கிளாசர் படம் போட்டு அச்சடித்து விற்றார். 1897இல் அமெரிக்கர்கள் பார்த்தது விளக்கு கட்டிய ஆகாயக் கப்பல்.

எனக்குப் பிடித்தது 9ஆம் நூற்றாண்டு பிரான்ஸ் கதை. மகோனியா என்ற நாட்டிலிருந்து மேகக் கப்பலில் வந்து, ஆலங்கட்டி மழையில் சாய்ந்த பயிரை அள்ளிப் போகிறார்கள் என்று ஜனங்கள் நம்பினார்கள். கப்பலிலிருந்து விழுந்தவர்கள் என்று மூன்று ஆண்களையும் ஒரு பெண்ணையும் சங்கிலியில் கட்டி, கல்லால் அடிக்க இழுத்து வந்துவிட்டார்கள். லியோன் நகரத்து அகோபார்ட் பாதிரியார் வாதாடித் தடுத்தார். அவருக்கு இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு: புயலைத் தடுப்பதாகச் சொல்கிறவனுக்கு விளைச்சலில் பங்கு கொடுக்கிறவர்கள், கோவிலுக்குத் தசமபாகம் தர மாட்டேன் என்கிறார்களே!

சரி, உங்கள் கேள்வி. அமெரிக்க விமானப்படை 1969 வரை திரட்டிய 12,618 தகவல்களில் 701க்கு விளக்கம் கிடைக்கவில்லை. 'விளக்கம் கிடைக்கவில்லை' என்பதை 'வேற்றுக்கிரகவாசி வந்தான்' என்று மொழிபெயர்க்கிறார்கள் பாருங்கள்... மறுபடியும் அவர்களிடமே வந்துவிட்டேன். பல்லடத்தில் ஏதாவது தெரிந்தால் பெயர் போடாமலே எழுதுங்கள். என்ன பாத்திரம் என்று மட்டும் சரியாகச் சொல்லிவிடுங்கள்.