லுகோவித்சி: வெள்ளரித் தோட்டமும் விமான ஆலையும் – கேள்வி பதில்

புவியியல் மாணவர்: லுகோவித்சி எங்கே இருக்கிறது?

பதில்: வெள்ளரிக்குப் பெயர்பெற்ற இந்த ரஷ்ய நகரம், மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே சுமார் 135 கிலோமீட்டரில், ஓகா ஆற்றுச் சமவெளியை ஒட்டி அமைந்துள்ளது. 1864-இல் மாஸ்கோவிலிருந்து இவ்வழியே ரியாசான் நகரம் வரை ரயில் பாதை வந்தது. 1957-இல் நகரத் தகுதி கிடைத்தது. இன்று ஏறத்தாழ 30,000 பேர் வசிக்கிறார்கள்.

தோட்டம் வளர்க்கும் வாசகி: அவ்வளவு குளிரான நாட்டில் வெள்ளரி எப்படி விளைகிறது?

பதில்: வசந்தத்தில் பனி உருகிப் பெருகும் ஓகா, தன் கரையோரத் தாழ்நிலங்களில் வண்டலைப் படியவிட்டுச் செல்வதால், காய்கறிக்கு ஏற்ற மண் இங்கே உண்டு. மே மாதத்திலும் உறைபனி விழக்கூடும் என்பதால் இளஞ்செடிகளைப் பிளாஸ்டிக் தாள் போர்த்திய குடில்களில் காத்து வளர்க்கிறார்கள்.

ஊறுகாய் போடும் வாசகி: அவர்கள் வெள்ளரியை எப்படி ஊறவைக்கிறார்கள்?

பதில்: ரஷ்ய மரபுமுறையில் வினிகர் சேர்ப்பதில்லை. பிஞ்சாகவும் முள்முள்ளாகவும் உள்ள காய்களைச் சதகுப்பைத் தண்டு, பூண்டு, குதிரைமுள்ளங்கி இலை, பிளாக்கரண்ட் இலை ஆகியவற்றுடன் பீப்பாயில் அடுக்கி, உப்புநீர் ஊற்றி, தானாகவே புளிக்க விடுகிறார்கள். ஓக் இலையும் சேர்த்தால் காய் குழையாமல் மொறுமொறுப்பாக இருக்கும்.

பொருளியல் ஆசிரியர்: இது விவசாய ஊர்தானா, தொழில் நகரமா?

பதில்: இரண்டும்தான். 1950-களில் மாஸ்கோ விமான ஆலை ஒன்றின் சோதனைப் பறப்புத் தளமாகத் தொடங்கிய இடம், பிற்காலத்தில் மிக் போர் விமானங்களைக் கட்டும் ஆலையாக வளர்ந்தது. இந்தியக் கடற்படையின் மிக்-29கே விமானங்களும் இங்கே உருவானவை. ஆனால் சோவியத் ஒன்றியம் கலைந்தபின், 1990-களில், ராணுவக் கொள்முதல் சுருங்கி நாடெங்கும் இத்தகைய ஆலைகளின் சம்பளம் நிச்சயமற்றுப் போனபோது, வீட்டுத் தோட்டத்து வெள்ளரியை நெடுஞ்சாலை ஓரத்தில் விற்ற காசுதான் பல குடும்பங்களைத் தாங்கியது. 2007-இல் நகரத்தார் ஒரு பீப்பாயின் மேல் வெண்கல வெள்ளரியை நிறுவி, அதைச் ‘சோறு போட்டவன்’ என்று வணங்கும் பொருளில் வாசகம் பொறித்தார்கள். சுற்றுலா ஈர்ப்பாகவே பலர் அதைப் பார்க்கிறார்கள். எனக்கோ அது உண்மையான நன்றிக்கடனாகவே தோன்றுகிறது.

வரலாற்று ஆர்வலர்: நகரைச் சுற்றிப் பார்க்க வேறென்ன உண்டு?

பதில்: தேதினோவோ கிராமத்துக்குச் செல்லுங்கள். ரஷ்ய மன்னரான ஜார் அலெக்சேய் மிகாய்லோவிச் ஆணைப்படி, டச்சுக் கைவினைஞர்களின் துணையோடு, ‘ஓர்யோல்’ என்னும் போர்க்கப்பல் 1667 முதல் 1669 வரை அங்கேதான் கட்டப்பட்டது. பின்னாளில் ரஷ்யக் கடற்படையை உருவாக்கிய அவருடைய மகன் மகா பீட்டர் பிறப்பதற்கு முன்பே, கடலற்ற ஓர் ஆற்றங்கரையில் நடந்த வேலை அது. மாஸ்கோவின் கசான் நிலையத்திலிருந்து ரியாசான் செல்லும் மின்ரயில் லுகோவித்சியில் நிற்கும். ஜூலை, ஆகஸ்டில் போனால் புது வெள்ளரியும் கிடைக்கும்.